எந்த வழியில் கேட்பது?

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தாமான் வீடு என்று வைத்துக்கொள்வோம். மகள் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். காலையில் ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர், மதியம் லேப்டாப்பின் பட்டியலிலேயே இல்லை. “மோடத்தை அடைச்சித் திறம்மா” என்கிறார் அப்பா. அடைத்துத் திறந்தும் பயனில்லை. பிரிண்டரோ பச்சை விளக்கு எரிய, கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

இடையில் நடந்தது ஒன்றுதான்: அலுவலகக் கோப்புகளைத் திறக்க, அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன்னை அவள் போட்டிருக்கிறாள்.

பிரிண்டரின் முகவரி லேப்டாப்புக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் ‘இங்கே பிரிண்டர் யாராவது உண்டா?’ என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேள்வியை அனுப்புகிறது. 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353ஆம் போர்ட்டில். பிரிண்டர் தன் பெயரையும் முகவரியையும் சொல்லிப் பதில் தருகிறது. ஆப்பிள் நிறுவனம் 2002இல் மேக் கம்ப்யூட்டர்களில் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் குரோச்மலும் எழுதிய அதன் விதிமுறை 2013இல் ஆர்.எஃப்.சி. 6762 என்ற எண்ணில் வெளியானது.

ஆனால் ஒரு லேப்டாப்புக்கு வெளியே போக ஒரே வழி இருப்பதில்லை. வைஃபை ஒன்று, கேபிள் ஒன்று, விபிஎன் போட்டால் இன்னொன்று. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் ஏற்றியிருந்தால், 192.168.56.1 என்ற முகவரியோடு கம்ப்யூட்டருக்குள்ளேயே சுற்றும் வழி ஒன்றும் முளைத்திருக்கும். எந்த வழி என்று நிரல் சொல்லாவிட்டால், விண்டோஸோ லினக்ஸோ தானாக ஒன்றைத் தேர்ந்துவிடும். விபிஎன் ஓடும்போது அது பல சமயம் விபிஎன்தான். ஈப்போ டவுனுக்குப் போகவேண்டிய கார் ஜெலாப்பாங்கில் நெடுஞ்சாலை ஏறி வடக்கே திரும்பினால், மெனோரா சுரங்கத்தைத் தாண்டி கோலகங்சார் பக்கம்தான் போகும். மகளின் கேள்வியும் அப்படித்தான் போனது. அந்தப் பக்கம் அவள் பிரிண்டர் இல்லை.

கம்ப்யூட்டரின் முகவரிப் பட்டியலில் முதலில் வருவதைப் பிடித்துக்கொள்ளும் நிரல்கள் இன்னும் மோசம். எழுதியவரின் கம்ப்யூட்டரில் வைஃபை மட்டும் இருந்தால், சோதனையில் குறையே தெரியாது. மாட்டிக்கொள்வது நம்மைப் போன்றவர்கள்தான்.

ஒன்றைத் தேர்வதை விட்டு, உயிரோடிருக்கும் எல்லா வழியிலும் தனித்தனியே கேட்பதே உருப்படியான வடிவமைப்பு. பதில் எந்த வழியில் வந்ததோ, அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அச்சடிக்கும் கோப்பு அதே வழியில்தானே போக வேண்டும்! வைஃபை மாறினாலோ கேபிளைச் செருகினாலோ மறுபடி கேட்க வேண்டும். வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட், வழிகளைத் தானே கண்டுகொள்ளும். வேண்டுமானால் பயனரே குறித்துக் கொடுக்கவும் இடமுண்டு.

பயனரிடம் கேட்பதென்றால் அவருக்குப் புரியும்படி கேட்க வேண்டாமா? ‘ஈதர்நெட் 3’ என்று மொட்டையாகக் காட்டினால் யாருக்கு என்ன தெரியும்? நெட்வொர்க் போக்குவரத்தைக் கவனிக்க உதவும் வயர்ஷார்க் மென்பொருள் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. ஒவ்வொரு வழியின் பெயருக்குப் பக்கத்திலும் குட்டி வரைபடம் ஒன்று ஓடும். கோடு துள்ளினால் போக்குவரத்து இருக்கிறது, படுத்திருந்தால் ஆளில்லை. தேர்ந்ததைச் சேமிக்கும்போது ஐபி எண்ணை நம்பக்கூடாது. மோடம் நாளை வேறு எண் கொடுக்கலாம்.

இவ்வளவு செய்தும் பிரிண்டர் அகப்படாத இடம் ஒன்று உண்டு: விருந்தினர் வைஃபை. அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் பெரும்பாலும் மோடமே தடுத்துவிடும். அப்போது நிரல் ‘பிரிண்டர் இல்லை’ என்று கைவிரிக்காமல், எந்தெந்த வழியில் கேட்டுப் பார்த்தது என்பதைத் திரையில் சொன்னால், மோடத்தை அடைத்துத் திறக்கும் வேலையாவது மிச்சமாகும்.