நோயாளியின் சம்மதம்

1993ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்துக்கு விசித்திரமானதொரு வழக்கு வந்தது. வழக்காடியவர், பிராட்மூர் என்னும் காவல் மருத்துவமனையில் வாழ்ந்துவந்த 68 வயதினர். ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனநோய் கொண்டவர்; தம்மைப் பெரும்புகழ் வாய்ந்த வைத்தியரென்றே நம்பிவந்தவர். அவருடைய காலில் சதை அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்காவிடில் அவர் பிழைப்பதற்கு 100க்கு 15 பங்கே வாய்ப்புண்டு என்றார் அறுவை மருத்துவர். நோயாளியோ, ஒற்றைக் காலுடன் வாழ்வதினும் இரு காலுடன் இறப்பதே மேல் என்றார். காலை எடுக்காமல் செய்த சிகிச்சையிலேயே அப்போதைய ஆபத்து நீங்கிற்று. எனினும், இனி ஒருநாளும் தம் சம்மதமின்றிக் காலை எடுக்கலாகாது என்று அவர் நீதி கேட்டார். நீதிபதி அவர் பக்கமே தீர்ப்பளித்தார். மனநோய் ஒருவரிடம் இருக்கிறது என்பதனாலேயே அவருக்குத் தம் உடலைப்பற்றித் தீர்மானிக்கும் ஆற்றல் இல்லையென்று ஆகிவிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் அந்த ஆற்றல்தான் யாது? அமெரிக்காவில் கிரிஸோ, அப்பெல்பாம் என்னும் இருவர் இதனை நான்காகப் பகுத்தனர். சொல்வதை விளங்கிக்கொள்ளுதல், அது தமக்கே நேர்ந்ததென உணர்தல், காரணங்களை எடைபோடுதல், முடிவை வெளியிடுதல் ஆகியவை அவை. நேர்த்தியான பகுப்புத்தான். ஆனால் கனடாவின் மேலை ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த லூயி சார்லண்டு, இதில் ஒரு குறை கண்டார். 1998இல் வெளிவந்த கட்டுரையொன்றில், இரண்டாவதாகச் சொன்ன ‘உணர்தல்’ வெறும் அறிவின் தொழிலன்று, அதில் உணர்ச்சிக்கும் பங்குண்டு என்று அவர் வாதித்தார். இந்நோய் உன்னைக் கொல்லும் என்ற வாக்கியத்தின் பொருள் ஒருவருக்குத் தெளிவாக விளங்கலாம். நெஞ்சில் அச்சமோ கவலையோ சிறிதும் எழாவிடில், அவர் அதனைத் தம்மைப் பற்றியதாக ஏற்றார் என்று எப்படிச் சொல்வது?

இதற்கு அனரெக்சியா என்னும் நோயை எண்ணிப் பார்க்கலாம். உணவை மறுத்து எலும்பாய் மெலிந்த இளம்பெண் ஒருத்தி, எந்தப் பண்டத்தில் எவ்வளவு கலோரி என்று மருத்துவரினும் நன்றாகக் கணக்கிடுவாள். உண்ணாவிடில் இறப்போம் என்பதையும் ஒப்புவாள். அறிவுச் சோதனைகள் அனைத்திலும் தேறிவிடுவாள். ஆயினும் மெலிவின்மேல் அவள் கொண்ட வேட்கை, மற்ற விருப்பங்களையெல்லாம் தன் காலடியில் கிடத்தியிருக்கும். ரிபோ என்ற பிரெஞ்சு உளநூலார் முன்னர் எழுதியதைத் துணைக்கொண்டு, இதனை ஒரு வேட்கையாகவே கொள்ளலாம் என்று சார்லண்டும் அவருடன் ஆய்ந்த சிலரும் 2013இல் எழுதினர்.

இக்கருத்தில் ஆபத்தும் உண்டு என்பது நம் எண்ணம். தக்க உணர்ச்சி இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை மருத்துவரிடம் கொடுத்துவிட்டால், அவருக்குப் பிடிக்காத மறுப்பெல்லாம் ஆற்றலின்மை ஆகிவிடும். பிராட்மூர் மனிதரின் கால் தப்பியிருக்குமா? சார்லண்டு 2002இல், ஹெராயினுக்கு அடிமையானவர் அதே ஹெராயினை ஆராய்ச்சிக்காகப் பெறுவதற்குத் தரும் சம்மதம் சம்மதமாகுமா என்று ஐயுற்றபோதும், அறிஞர் பலர் அவரை மறுத்தே எழுதினர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

2018 மே 29 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இவ்வினாவைத் தொடுகிறது. பிறர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றும் முடிவை ஒருவர் எடுத்தார் என்பதுகொண்டே அவருக்கு ஆற்றல் இல்லை எனக் கூறலாகாது என்கிறது அதன் நான்காம் பிரிவு. தகவலை அவருக்கு விளங்கும் எளிய மொழியில், அல்லது சைகையாலோ படத்தாலோ சொல்லவேண்டும் என்றும் அங்கேயே விதித்திருக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இந்த ‘விளங்கும் மொழி’ சிறிய காரியமன்று. கல்கத்தாவிலோ நாகபுரியிலோ மகனுடன் தங்கியிருக்கும் முதிய தாய், கடைக்காரரிடம் பேசுமளவுக்கு அவ்வூர் மொழி கற்றிருப்பாள். துயரம் சொல்ல அது போதாது. “நெஞ்சை அடைக்கிறது, வயிறு பற்றி எரிகிறது” என்று அவள் சொல்வதை, பக்கத்தில் நிற்கும் பேரன் அப்படியே மொழிபெயர்த்தால், மருத்துவர் இருதயத்தையும் குடலையும் சோதிக்க ஆரம்பிப்பார். உணர்தலில் உணர்ச்சிக்குப் பங்குண்டு என்று சார்லண்டு கூறியது சரியானால், அந்த உணர்ச்சி வெளிப்படும் மொழியை அறியாதவர் ஒருவருடைய ஆற்றலை எவ்வாறு அளப்பார்? மேலும், நோயாளியை மருத்துவமனையில் விட விரும்பும் உறவினரே மொழிபெயர்ப்பாளராகவும் அமர்வது நியாயமாகாது.

இதற்கு நாம் முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தமக்கு எவ்வித சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று வயதுவந்த எவரும் முன்னுரை எழுதிவைக்கலாம் என்கிறது ஐந்தாம் பிரிவு. அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. பதினான்காம் பிரிவின்படி தமக்கென ஒரு பிரதிநிதியையும் நியமித்துக்கொள்ளலாம். அதற்கு முத்திரைத்தாள் வேண்டுவதில்லை. சாதாரணத் தாளில் எழுதிக் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ இட்டால் போதும். அப்பிரதிநிதி இரத்த உறவினராக இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஊர் மொழியையும் நம் மொழியையும் ஒருங்கே அறிந்த நண்பராகவும் இருக்கலாம்.