நம் நாட்டுத் தமிழ்ப் படமும் நாமும்



மருதானைப் புகையிரத நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடப்பவர் டவர் ஹோல் மண்டபத்தைக் காண்பார். 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரங்கு அது. இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவினரின் மெட்டுக்களையும் தீட்டிய திரைச்சீலைகளையும் தழுவிச் சிங்கள நாடகம் அங்கே தழைத்தது. பேசும் படம் வந்ததும் நாடகம் ஒதுங்கிக்கொள்ள, அவ்விடத்திற் படம் குடியேறியது. அண்மையிலே எல்பின்ஸ்டன், சற்று அப்பால் காமினி. காமினிப் படமாளிகை இன்று இல்லை. பஸ் நடத்துநர் கூவுகின்ற காமினி ஹோல் சந்தி என்னும் பெயரில் மாத்திரம் அது வாழ்கிறது. கொட்டாஞ்சேனையில் கிங்ஸ்லி, செல்லமஹால். வெள்ளவத்தையில் சவோய், பிளாசா. கொழும்புத் தமிழர் தம் ஓய்வுப் பொழுதைக் கழித்த மாளிகைகளை இவ்வாறு எண்ணிக்கொண்டே போகலாம்.

அங்கெல்லாம் நாம் பார்த்தவை பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த படங்கள். அதிற் குற்றம் ஏதுமில்லை. மொழி ஒன்று, பாட்டு இனியது, நடிகர்களோ நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். இலங்கையிற் பிறந்த எம்.ஜி.ஆர். 1965ஆம் ஆண்டு சரோஜாதேவியுடன் இங்கு வந்தபோது திரண்ட கூட்டத்தை இன்றும் முதியவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். ஆனால் நம்மிடையே ஒருவன் கடன்பட்டு ஒரு படத்தை எடுத்துவிட்டு, “ஐயா, ஒருமுறை வந்து பாருங்கள்” என்று அழைத்தபோது நாம் என்ன செய்தோம்? இன்று நான் பேச வந்தது அதைப்பற்றித்தான்.

இந்நாட்டுத் திரைப்பட வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுணு பொரொந்துவ’ 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் திகதி திரையிடப்பட்டது. திரையிட்ட இடம் கொட்டாஞ்சேனைக் கிங்ஸ்லி. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்னும் தமிழர். அதில் நடித்த ருக்மணிதேவி, டெய்ஸி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரோடு கொழும்புச் செட்டிக் குடும்பத்திற் பிறந்தவர். பின்னர்ச் சிங்களப் படத்துறையிற் பெருமுதலீடு செய்த கே. குணரத்தினமும் தமிழரே. இவ்வளவு பேர் இருந்தும், இலங்கையில் ஒரு தமிழ்ப் படம் தோன்றுவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1962இல் 16 மில்லிமீற்றர் படச்சுருளில் ‘சமுதாயம்’ வெளிவந்தது. அதை எடுத்தவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர்! சிங்களவருக்கு முதற் படம் தந்தவர் தமிழர். தமிழருக்கு முதற் படம் தந்தவர் சிங்களவர். இக்கொடுக்கல் வாங்கலை நம் பள்ளிப் புத்தகங்கள் ஏன் சொல்வதில்லையோ, அறியேன்.

அதன் பின் பி.எஸ். கிருஷ்ணகுமார் தேயிலைத் தோட்டத்து வாழ்வை வைத்துத் ‘தோட்டக்காரி’யை எடுத்தார். ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் கதை 1966இல் ‘கடமையின் எல்லை’ என்று தமிழ்ப் படமாயிற்று. 1972இல் கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா, தம் தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு ‘குத்துவிளக்கு’ என்னும் படத்தைத் தயாரித்தார். யாழ்ப்பாணத்துக் கமக்காரனின் வீடும் வயலும் கிணறும் அதிற் காட்சிகளாயின. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இற் ‘புதிய காற்று’ எடுத்தார். அதன் களம் மீண்டும் மலைநாடு. 1978ஆம் ஆண்டிலோ ‘நான் உங்கள் தோழன்’, ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’, ‘ஏமாளிகள்’ என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்தன. அதுவே அறுவடைக் காலம். எனினும் 1962 முதல் 1993 வரை முப்பத்தோராண்டுகளில் வெளிவந்த இலங்கைத் தமிழ்ப் படங்கள் யாவற்றையும் கூட்டினாலும் முப்பதை எட்டா.

“படங்கள் நன்றாக இருந்தால் நாங்கள் பார்த்திருக்க மாட்டோமா?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்படங்களுள் பல நன்றாக இல்லை என்பதை ஒளிப்பானேன்? சென்னைப் படத்தைப் பார்த்துச் சென்னைப் படம் போலவே எடுக்க முயன்றவை அவை. அங்கே பத்து இலட்சத்தில் எடுத்ததை இங்கே ஓரிரு இலட்சத்தில் எடுக்கப் புகுந்தால் என்னவாகும்? சண்டைக் காட்சி சிரிப்பாயிற்று. சிரிப்புக் காட்சி அழுகையாயிற்று.

ஆனால் சிங்களப் படத்தின் தொடக்கமும் இத்தகையதே. தென்னிந்திய ஸ்டூடியோக்களில், தென்னிந்திய மெட்டுக்களோடும் அட்டைச் சுவர்களோடும் அது ஒன்பது ஆண்டுகள் நடைபழகியது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கமராவைக் கிராமத்துக்கு எடுத்துச் சென்று ‘ரேகாவ’ என்னும் படத்தைப் பிடித்தார். அறிஞர் புகழ்ந்தனர், பிரான்சின் கான் விழாவிலும் அது காட்டப்பட்டது. உள்ளூரில் மக்கள் அதை ஏற்கவில்லை, முதலுக்கு நட்டம். அத்துடன் அவர் கமராவை மூடி வைத்திருந்தால், 1965இல் டில்லி விழாவில் தங்கமயில் விருது பெற்ற ‘கம்பெரலிய’ பிறந்திராது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்கு முதலிட ஆள் கிடைத்தது. குணரத்தினம் என்னும் தமிழரே அவருடைய ‘சந்தேசய’ என்ற படத்துக்கு முதலிட்டவர். சிறுபான்மையாயினும் தேர்ந்த ரசிகர் கூட்டம் ஒன்றும் சிங்களத்தில் மெல்ல மெல்ல உருவாகிற்று. நம்மவருக்கு இரண்டாவது படம் எடுக்கும் வாய்ப்புப் பெற்றவர்கள் மிகச் சிலர். முதற் படத்தோடு வீட்டையும் நகையையும் இழந்தவர் இரண்டாவது படத்துக்கு எங்கே போவார்? பிழைவிட்டுத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இல்லாத இடத்தில் எக்கலைதான் முதிரும்?

இவ்விடத்தில் என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிப் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய ‘வாடைக்காற்று’ வெளிவந்த காலத்தில், கொழும்பிலே ஒரு மாளிகையில் அதைப் பார்க்கச் சென்றிருந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். திரையில் ஒரு பாத்திரம் நம் ஊர்ப் பேச்சில் வாய் திறந்த மாத்திரத்தே அவர்கள் கலகலவென்று சிரித்தார்கள். அஃது நகைச்சுவைக் காட்சியன்று; துயரமான கட்டம். இடைவேளையில் அதே குடும்பத்து மூதாட்டி, “தம்பி, உந்தக் கடையிலை தேத்தண்ணி இருக்கோ எண்டு பார் மோனை” என்று பேரனை அனுப்பினார். திரையிற் கேட்டுச் சிரித்த அதே தமிழ்! வாழ்க்கையிற் பேசுவதற்கு நம் தமிழ், உருகுவதற்கு மதுரைத் தமிழ் என்று நம் செவிகள் பழகிவிட்டன. காதலன் “நான் உன்னை விரும்புறன்” என்றால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. இது படமெடுத்தவரின் பிழையா? நானும் அன்று சிறிது சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதே செவிகள் வானொலியில் வேறு விதமாகப் பழகின என்பதைக் கவனிக்க வேண்டும். எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற தொடரை இலங்கை வானொலி ஒலிபரப்பிய நாட்களை நேயர்களிற் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராக ராம்தாஸ். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்களம் தோய்ந்த தமிழ் பேசும் உபாலியாக எஸ். செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீது. நாடு முழுவதும் அத்தமிழ்கள் யாவற்றையும் காதாரக் கேட்டுக் களித்தது. அந்நாடகம் 1976இற் ‘கோமாளிகள்’ என்ற படமானபோது மக்கள் திரளாகச் சென்றார்கள். படம் வெற்றி கண்டது. வாரந்தோறும் வானொலி பழக்கி வைத்த செவிகள் திரையில் அதே பேச்சைக் கேட்டபோது நாணவில்லை. ஆகவே பழக்கம் மாறக்கூடியதே.

அடுத்த ஆண்டு வந்த ‘பொன்மணி’யின் கதி வேறு. காவலூர் இராஜதுரை எழுதிய கதையை, அக்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த தர்மசேன பத்திராஜா இயக்கினார். சீதனத்துக்கு வழியின்றி மூத்தவள் வீட்டிலிருக்க, இளையவள் வேறு சாதி இளைஞன் ஒருவனை விரும்பிச் செல்கிறாள். முடிவில் அவள் கொல்லப்படுகிறாள். நம் வீடுகளில் மூடிய அறைக்குள் மெல்லிய குரலிற் பேசப்படும் செய்தியை அப்படம் கடலும் பனையும் காணப் பேசிற்று. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்துச் சென்றவர்கள் ஏமாந்தார்கள். படம் மெதுவாகச் செல்கிறது என்றார்கள். உண்மையே, மணமாகாத பெண்ணுக்கு நாட்கள் அவ்வாறுதான் செல்கின்றன. சில நாட்களில் அது மாளிகைகளை விட்டு நீங்கியது. இன்று ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் தலையாயது எது என்று கேட்டால், அறிந்தோர் பலர் சுட்டுவது அதனையே. 2018இற் பத்திராஜா மறைந்தபோது நாமும் இரங்கல் உரைகளில் அதை வாயாரப் புகழ்ந்தோம். அப்புகழிற் பாதியை 1977இல் நுழைவுச்சீட்டாக மாற்றியிருக்கலாம்.

அரசாங்கம் பாதுகாப்பளித்தால் போதும் என்று சிலர் கருதுவர். அந்தப் பரீட்சையும் நடந்து முடிந்ததே. 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, படங்களை இறக்குமதி செய்யும் உரிமை அதன் கைக்குச் சென்றது. இந்தியப் படங்களின் வரவு சுருங்கியது. அந்நிழலிலேதான் நான் மேற்சொன்ன அறுவடை விளைந்தது. ஆனால் போட்டியில்லாக் காலத்தில் வந்த ரசிகர் போட்டி திரும்பியதும் அகன்றார். பின்னர் 1983 ஜூலை வந்தது. படமாளிகைகள் எரிந்தன; குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அத்தீயில் மாண்டன. அதன் பின் கொழும்பிலே தமிழ்ப் படம் எடுக்க யாருக்கு மனம் வரும்? 1993இற் பேராதனை ஜுனைதீனின் ‘ஷார்மிளாவின் இதய ராகம்’ வந்ததோடு நெடுங்காலம் திரை வெறுமையாயிற்று.

இன்று மீண்டும் முளை தெரிகிறது. 2012இல் அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’, போர் முடிந்த பின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் ஒரு போராளியின் கதையைச் சொன்னது. 2018இற் கிங் ரட்ணத்தின் ‘கோமாளி கிங்ஸ்’ மாளிகைகளுக்கு வந்தது. அதன் பெயரிலேயே பழைய வானொலிக் கோமாளிகளின் எதிரொலி கேட்கிறது. மதிசுதா ‘வெந்து தணிந்தது காடு’ படத்தைக் கைத்தொலைபேசி ஒன்றினாலேயே படமாக்கினார். அக்காலத்திற் படச்சுருளை வாங்கிக் கழுவுவதற்கே ஒருவர் தம் காணியை விற்க வேண்டியிருந்தது; இன்று கருவி மலிந்துவிட்டது. மலியாதது மாளிகையின் நேரம் ஒன்றே. ஒரு படத்தை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்பதை மாளிகைக்காரர் முதல் மூன்று நான்கு நாட் கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கிறார். அவரை நோவதில் பயனில்லை. மின்சாரக் கட்டணம் அவருக்கும் வருகிறது. “சனம் நல்லதென்று சொன்னால் அடுத்த கிழமை போவோம்” என்று நாம் காத்திருக்கிறோம். அடுத்த கிழமை அப்படம் அங்கே இருப்பதில்லை. பெரிய நடிகரின் சென்னைப் படம் நாம் சென்றாலும் ஓடும், செல்லாவிட்டாலும் ஓடும். உள்ளூர்ப் படத்துக்கோ வெள்ளவத்தையிலிருந்து ஐம்பது பேர் முதல் ஞாயிற்றுக்கிழமை செல்வதும் செல்லாததும் வாழ்வும் சாவுமாகும். இந்நாட்டில் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்துத் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் என்று 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து கணக்கிடலாம். அவருள் நூற்றுக்கொருவர் சென்றாலும் ஐம்பதாயிரம் இருக்கைகள்.

கேரளத்திலே ஜோன் ஏபிரகாம் என்றொருவர் இருந்தார். தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்தவரும் அவரே. அவரும் நண்பர்களும் ‘ஒடேசா’ என்ற கூட்டு அமைப்பைத் தொடங்கி, ஊரூராகச் சென்று பொதுமக்களிடம் சிறு தொகைகளாகப் பணம் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ என்னும் படத்தை முடித்தனர். முடிந்த படத்தை மீண்டும் அதே மக்களிடம் ஊரூராக எடுத்துச் சென்று காட்டினர். நம் ஊர்களில் சனசமூக நிலையம் இல்லாத ஊர் உண்டோ? கோயில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கும் பணம் திரட்டும் கலையில் நம்மை மிஞ்சியவர் யார்?

ஆதரவு என்றால் எல்லாவற்றையும் புகழ்வது என்று கொள்ள வேண்டா. காசு கொடுத்துப் பார்த்தவனுக்குக் குறை சொல்லும் உரிமை முழுமையாக உண்டு. ஒலிப்பதிவு மோசமென்றால் அப்படியே எழுதுங்கள். கதை இரவல் என்றால் யாரிடம் பெற்ற இரவல் என்று கேளுங்கள். திருட்டுப் பிரதியில் அரைகுறையாகப் பார்த்துவிட்டு, “நம்மவருக்கு எங்கே படமெடுக்கத் தெரியும்” என்று திண்ணையிலிருந்து சொல்வதைத்தான் விட்டுவிட வேண்டும்.

‘வாடைக்காற்று’ பார்த்த அன்று என் முன்வரிசையிற் பேரனோடு இருந்த அந்த மூதாட்டியைப் பற்றி இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவர் மட்டும் சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். “எழும்பணை, பஸ் போயிடும்” என்றான் பேரன். “பொறடா, உது எங்கடை கடல்தானே?” என்றார் அவர்.