எடைக்குப் போகும் டிவியும் ஒரு வாத்தும்



இன்ஜினியரிங் படிச்சிட்டு இன்னும் வீடியோ கேமா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்! சின்ன வயதில் மதுரையில் நாங்கள் ஆடிய ‘டிவி கேம்’ பெட்டி, ஜப்பானில் 1983-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். கேசட்டில் ‘9999 இன் 1’ என்றிருக்கும். உள்ளே அதே சில ஆட்டங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். நகல் பெட்டி இன்றும் மலிவு. கேசட் ஓடவில்லையென்றால் வாயால் ஊதாதீங்க, ஈரத்தில் பின்கள் அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

அரிதாகி வருவது டிவிதான். வாத்து சுடும் ‘டக் ஹண்ட்’டில் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். அது துப்பாக்கி முனைக்குத் தெரிந்தால் வாத்து காலி. பிக்சர் ட்யூபில் அந்த வெள்ளை உடனே வரும். எல்சிடி தாமதிக்கும், வாத்து தப்பிவிடும்.

2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி மேலூர், திருமங்கலம் பக்கம் இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கிறது. என்னிடமுள்ள இரண்டும் அப்படிக் கேட்டு வாங்கியவைதான். பழைய இரும்புக்காரர் முந்திக்கொண்டால் செம்புக்காக உடைத்துவிடுவார். பின்மூடியை மட்டும் கழற்றாதீங்க தம்பி, பிளக்கைப் பிடுங்கின பிறகும் ட்யூபில் ஹைவோல்டேஜ் நிற்கும்.