குழந்தை வைத்தியமும் கிராமத்துப் பயிற்சியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு குழந்தைக்கு நோய் கண்டால் அதைப் பார்க்கத் தெரிந்த வைத்தியர் எப்படி உண்டாகிறார் என்பதும், அவரிடம் நம் குழந்தை காலத்தில் போய்ச் சேருகிறதா என்பதுமேயாகும். இதைப் பேசுவதற்கு வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. 2019-ல் ஜில்லாவை மூன்றாகப் பிரித்து ஆம்பூரைத் திருப்பத்தூரோடு சேர்த்துவிட்டாலும், நோய்க்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லைக் கல் ஏது?

ஐடா ஸ்கடர் என்ற அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பாதிரி வைத்தியர் ஒருவரின் மகள். 1890-களில் திண்டிவனத்தில் தகப்பனாரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவிகளைப் பார்க்க வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். தமக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார் வருவார் என்று அவர் சொல்லியும், அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாதென்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்று பெண்களும் மாண்டார்கள். அம்மூவரில் ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் வேறொரு ஜாதி இந்து. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காத இம்மூவருக்கும், பெண்ணைச் சாக விடுவதில் மட்டும் ஒரே சாஸ்திரமாக இருந்தது பாருங்கள்!

அந்த அம்மையார் அமெரிக்கா சென்று 1899-ல் டாக்டராகி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி, 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி என அது வளர்ந்தது. 1942-ல் பட்டப் படிப்பு வந்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள். பெண்ணுக்கு மூளை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், பெண்கள் படிக்கும் கல்லூரியில் ஆண்களுக்குப் பின்னால் இடம் கிடைத்தது!

அவர்கள் மதத்துக்காகத்தானே செய்தார்கள் என்று கேட்கலாம். எதற்காகச் செய்தார்களோ, செய்துவிட்டுப் போகட்டும். நோயாளியைப் பிழைக்க வைத்தது மருந்தும் படிப்பும் என்பது நமக்குப் போதும்.

நிற்க. நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, இந்த வைத்தியம் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை என்பதாகும். அம்மையாரே மோட்டார் வண்டியில் மருந்துப் பெட்டியோடு கிராமம் கிராமமாகப் போய், சாலையோரத்திலும் மரத்தடியிலும் வைத்தியம் பார்த்தார். அதே வழியில் 1977-ல் கே.வி. குப்பத்தில் 'ரூசா' என்ற கிராமிய சுகாதார ஸ்தாபனம் ஏற்பட்டது. அக்கல்லூரி மாணவர்கள் படிப்பின் ஆரம்பத்திலேயே கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதும் ஏற்பாடு.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? தோல் ஷாப்பில் வேலை செய்யும் தோழர்களைக் கேளுங்கள். புத்தகம் படித்து எவனாவது தோல் தரம் பிரிக்கக் கற்றதுண்டா? அனுபவசாலியின் பக்கத்தில் நின்று, தொட்டுப் பார்த்து, மடித்துப் பார்த்து, கையால் கற்றதுதானே? குழந்தை வைத்தியமும் அப்படித்தான். பெரியவன் இங்கே வலிக்கிறது என்று வாயால் சொல்லுவான். கைக்குழந்தை அழ மட்டும்தான் அழும். சில நேரம் அதற்கும் தெம்பிருக்காது. ஆகவே குழந்தை வைத்தியரின் பக்கத்தில் நின்று கற்கும் இளம் டாக்டரோ, நர்சோ முதலில் பழகுவது கண்ணால் பார்ப்பதும் எண்ணுவதுமாகும்.

குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அறுபதோ அதற்கு மேலோ, ஒரு வயதுக்குட்பட்டதற்கு ஐம்பதோ அதற்கு மேலோ, ஐந்து வயது வரை நாற்பதோ அதற்கு மேலோ போனால் அது வேகமான மூச்சு. இருமலோடு வந்தால் நிமோனியாவோ என்று பார்க்க வேண்டும். பாலோ தண்ணீரோ குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடக்கிறது. இந்த நான்கில் ஒன்றிருந்தாலும் ஒரு நாழிகை தாமதிக்கக் கூடாது. இதற்குப் பெரிய யந்திரம் வேண்டுமா? ஒரு கடிகாரமும், பழகிய கண்ணும் போதும்.

அப்படியானால் பல துறை டாக்டர்கள் கிராமத்தில் எதற்கு என்றால், குழந்தை தனியாக நோயாளியாவதில்லை. தாய்க்கு ரத்தம் இல்லை. பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. பாட்டிக்குக் கண் தெரியவில்லை. மருந்தின் அளவு தவறுகிறது. பிரசவம், குழந்தை, கண், எலும்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால், எதை அங்கேயே தீர்க்கலாம், எதை உடனே வேலூருக்கு அனுப்ப வேண்டும் என்று கற்பவருக்குத் தெரிந்துவிடும். தேவையில்லாமல் நகரத்துக்கு அனுப்புவது ஏழையின் ஒரு வாரக் கூலியைப் பறிப்பதாகும். தேவையானபோது அனுப்பாமலிருப்பது குழந்தையின் உயிரையே பறிப்பதாகும்.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். குழந்தைக்குப் பேதியானால் நாம் என்ன செய்கிறோம்? தொக்கம் எடுக்கிறோம், மந்திரிக்கிறோம், பட்சி தோஷம் என்கிறோம், மாந்தம் என்று பச்சைக் குழந்தையின் வயிற்றில் சூடு போடுகிறோம். தண்ணீர் கொடுத்தால் இன்னும் பேதியாகும் என்று அதையும் நிறுத்துகிறோம். வற்றிக்கொண்டிருக்கும் கிணற்றை மூடி வைத்தால் ஊறுமா? உடம்பு உப்பையும் தண்ணீரையும் இழக்கிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1971-ல் வங்காள எல்லையில் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே, நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவை நான்குக்கும் கீழே இறக்கினார். அரசாங்க சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதுதான். அது இல்லாத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீ ஸ்பூன் சர்க்கரையும் அரை டீ ஸ்பூன் உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

சீம்பாலைக் கறந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் சேனை வைக்கிறோம். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு, அது நுரையீரலுக்குள் இறங்கிச் சளியானால் திருஷ்டி கழிக்கிறோம். முன்னோர் செய்தார்களே என்பார்கள். முன்னோர் பத்துப் பெற்று ஐந்தைப் புதைத்த கதையையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

பகுத்தறிவு என்ன செய்யும் என்பதற்கு வேலூரிலேயே சாட்சி உண்டு. இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து மேல்நாட்டுக் குழந்தைக்கு வேலை செய்வதுபோல் நம் குழந்தைக்குச் செய்யவில்லை, அதிகத் தடவை கொடுக்க வேண்டும் என்று ஆராய்ந்து சொன்னவர் இங்கே இருந்த டாக்டர் ஜேக்கப் ஜான். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்தக் காட்டு வைரஸால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014-ல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் மாண்டன, 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. தலைவிதி என்றால் விதி இவ்வளவு சீக்கிரம் மாறுமா? மாறியது தடுப்பூசியும், படிப்பும், பிரசவ ஆஸ்பத்திரியும், சோறும் அல்லவா?

ஆனால் குற்றத்தை முழுதும் தாய்மார் தலையில் போட்டுவிட்டுப் போக நாம் வரவில்லை. பூட்ஸ் கம்பெனியில் காலையில் போய் இருட்டியபின் திரும்பும் பெண், குழந்தையின் மூச்சை எப்போது எண்ணுவாள்? லீவு போட்டால் கூலி போகும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பிடம் வேண்டும் என்று 2017-ல் சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் கம்பெனியில் அது இருக்கிறதா என்று கேட்டீர்களா? பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்ததற்காக சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்புச் சொன்னது. தண்ணீரைக் கெடுத்துவிட்டுப் பேதிக்கு மருந்து கொடுப்பது, ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைப்பதுதானே?

ஆட்டுத் தோலை உரித்தவுடன் உப்புப் போடாவிட்டால் அழுகிவிடும் என்று ஓடுகிறோம். ஒரு தோலுக்கு ஓடுகிற நாம், குழந்தைக்கு மட்டும் செவ்வாய், வெள்ளி, ராகுகாலம் பார்த்துக்கொண்டு உட்காரலாமா?

ஆகவே தோழர்களே! உங்கள் ஊர்ப் பெண்களை நர்சாகவும் டாக்டராகவும் படிக்க அனுப்புங்கள். கிராமத்துக்குக் கற்க வரும் இளம் டாக்டருக்குத் தங்க இடமும் மரியாதையும் கொடுங்கள். அவர் என்ன ஜாதி என்று மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேராவது மூச்சு எண்ணவும், உப்புத் தண்ணீர் கலக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை துவண்டால் மந்திரவாதி வீட்டைத் தாண்டி நேரே ஆஸ்பத்திரிக்கு நடங்கள்.