ஓட்டுக்கு ஒரு விரல், அரிசிக்கு ஒரு விரல்



எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழில்நுட்பமும் ஜனநாயகமும்'. கொடுத்த நேரம் இருபது நிமிஷம். நேரத்தைச் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை அது செல்லாத ஓட்டு. (சிரிப்பு)

ஓட்டுச் சீட்டு என்றதும் ஈரோட்டு மேடையில் நின்றுகொண்டு மொடக்குறிச்சியைச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. இங்கிருந்து டவுன் பஸ் தூரம். 1996 சட்டமன்றத் தேர்தல். ஒரே ஒரு தொகுதிக்கு எத்தனை வேட்பாளர்கள்? ஆயிரத்து முப்பத்து மூன்று! பெரும்பாலும் நம்ம விவசாயிகள். கோரிக்கை மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனவர்கள். எங்கள் மனுவைத்தான் படிக்க மாட்டீர்கள், வேட்புமனுவைப் படித்துத்தானே ஆகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள்!

அது தலைமைத் தேர்தல் கமிஷனர் சேஷன் காலம். அந்தப் பெயரைக் கேட்டால் மந்திரிகளுக்கே வேர்க்கும். அவருடைய கமிஷனுக்கே வேர்க்க வைத்தவர்கள் நம்ம மஞ்சள் காட்டு மனிதர்கள். தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். ஓட்டுச் சீட்டைச் சீட்டாக அடிக்க முடியவில்லை. புத்தகமாக அடித்தார்கள்! வாசகர் வட்டத்தில் நின்று சொல்கிறேன், தமிழ்நாட்டில் ஒரு புத்தகத்துக்காக ஜனங்கள் காலையிலிருந்து வரிசையில் நின்றது அன்றைக்கு ஒருநாள்தான். (கைதட்டல்) கை தட்டாதீர்கள், இங்கே மேடையில் நாலு எழுத்தாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மனசு கஷ்டப்படும்.

அந்தத் தேர்தலில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. 'தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போடத் தெரியாதவன்' என்று சிலர் சிரித்தார்கள். ஐயா, அவன் ஜெயிக்க வந்தவனா? பக்கத்தை நிரப்ப வந்தவன். நிரப்பினான், எழுந்து தண்ணி கட்டப் போய்விட்டான். கோட்டைக்குப் போகிற ஆசை இல்லாத 88 வேட்பாளர்களை இன்றைக்கு எங்கே தேடுவீர்கள்?

சரி, அரசாங்கம் என்ன செய்தது? கோரிக்கையைக் கையில் எடுத்ததா? சட்டத்தைக் கையில் எடுத்துத் திருத்தியது. 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. இன்றைக்கு 10,000. சுயேச்சை என்றால் முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும். அன்று ஆயிரத்துச் சொச்சம் பேரும் சேர்ந்து கட்டியது சுமார் ரெண்டரை லட்சம். அதே கூட்டம் இன்றைக்குக் கிளம்பினால் ஒரு கோடிக்கு மேல் வேண்டும். சம்சாரிக்குக் கோபம் வந்தால்கூட முதலில் பேங்கில் கடன் கேட்கவேண்டிய நிலைமை. (கைதட்டல்)

புத்தகம் போச்சு, மிஷின் வந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மிஷின்தான். அந்த மிஷினைப் பற்றிப் பேசினால் ஒரு மனிதரைப் பற்றிப் பேசவேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் நீங்கள் அவர் கதைகளுக்குப் போய்விடுவீர்கள், மிஷினுக்குத் திரும்ப மாட்டீர்கள். ஸ்ரீரங்கத்துக்காரர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயர். பகலில் ஓட்டு மிஷின், ராத்திரியில் மனைவி பெயரில் கதை. ஆமாம்... ஆமாம், நீங்கள் கத்துகிற பெயர்தான். கத்துங்கள், நான் சொல்ல மாட்டேன்! (நீண்ட கைதட்டல்)

அந்த மனிதரும் அவரோடு இருந்தவர்களும் என்ன யோசித்திருக்கிறார்கள் பாருங்கள். மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம், பேட்டரி போதும். எந்த நெட்வொர்க்கிலும் அது சேராது. ஒரு ஓட்டு விழுந்ததும் பூத்தில் இருக்கும் அதிகாரி மறுபடி பட்டனை அமுக்கினால்தான் அடுத்த ஓட்டு. நிமிஷத்துக்கு நாலைந்து ஓட்டுக்கு மேல் வாங்காது. ஏன்? ரவுடி பூத்துக்குள் புகுந்தால் அவனும் வரிசையில் நின்றமாதிரி மெதுவாகத்தான் குத்தவேண்டும், அதற்குள் போலீஸ் வந்துவிடும். எழுதுகிறவன் என்ஜினீயராக இருந்தால் வில்லனின் அவசரம்கூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது!

அப்படிப்பட்ட மிஷினை நம்ம அரசியல்வாதிகள் என்ன பாடு படுத்தினார்கள்? முதன்முதலில் இறக்கியது 1982இல், கேரளாவில் பரவூர் தொகுதி, ஐம்பது வாக்குச்சாவடிகள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, தேர்தலுக்கு முன்னாலேயே மிஷின் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனார். அவரே 123 ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்ததும் மிஷின் நல்ல மிஷின் ஆகிவிட்டது. தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி.ஜோஸ், மிஷின் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார். 1984இல் சுப்ரீம் கோர்ட், சட்டத்தில் ஓட்டுச் சீட்டு என்றுதான் இருக்கிறது, மிஷின் என்று இல்லை என்றது. சீட்டில் மறுபடி தேர்தல். ஜோஸ் ஜெயித்தார்! நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னமும் அதே பாட்டு. ஜெயித்தால் மக்கள் தீர்ப்பு, தோற்றால் மிஷின் தீர்ப்பு. இதில் இந்தக் கட்சி அந்தக் கட்சி என்று நான் பிரிக்கத் தயாராக இல்லை.

நான் வேறு ஒன்றுக்கு வரவேண்டும். ஆனால் ஒரு விஷயம் நெஞ்சில் நிற்கிறது, சொல்லிவிட்டுப் போகிறேன். இதே ஊரில் இன்னொரு வட்டம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் விளம்பரம். நம்மைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். அவர்கள் நவீனமாம். போன கூட்டத்துக்கு வரவேற்புரையை ஏஐ எழுதிக் கொடுத்ததாம். வரவேற்க வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறார்: 'மறைந்த நம் தலைவர் அவர்களின் புகழ் நிலைக்கட்டும்.' தலைவர் முன்வரிசையில் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! (பலத்த சிரிப்பு)

பாவம், அந்த ஏஐயைக் குறை சொல்லி என்ன செய்ய? சென்னையில் அது தலைகீழாக வேலை செய்கிறது. 2024 ஜனவரியில் கலைஞர் திரையில் வந்து புத்தக வெளியீட்டுக்கு வாழ்த்துச் சொன்னார். பிப்ரவரியில் ஜெயலலிதா குரல் வந்து தொண்டர்களிடம் பேசியது. செத்தவர்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவது நமக்குப் பழகிய கதை. செத்தவர்கள் வந்து ஓட்டுக் கேட்பது புதுக்கதை! ரெண்டு கட்சியும் பகுத்தறிவு பேசிய கட்சிகள். ஆவியோடு பேசுவதை மூடநம்பிக்கை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். கம்ப்யூட்டர் வழியாகப் பேசினால் பரவாயில்லை போலிருக்கிறது. (கைதட்டல்) உயிரோடு இருக்கிற தலைவர்கள் யோசிக்கவேண்டும் ஐயா. அவர்கள் பேச்சைவிட அந்தக் குரல்களுக்குத்தான் கூட்டம் விசில் அடிக்கிறது.

செயலாளர் இன்னொரு சீட்டுக் கொடுக்கிறார். அதுவும் பைக்குள் போகிறது.

வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2019 நாடாளுமன்றத் தேர்தல். தெலங்கானாவில் நிஜாமாபாத். அங்கேயும் மஞ்சள்தான், கவனியுங்கள். மஞ்சளுக்குக் கட்டுப்படியான விலை கொடு, வாரியம் கொடு என்று கேட்டுக் கேட்டு அலுத்து, நம்ம மொடக்குறிச்சிக்காரர்கள் மாதிரியே வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஆனால் இந்தமுறை மிஷின் தயாராக இருந்தது. ஒவ்வொரு சாவடியிலும் பன்னிரண்டு பெட்டிகளை அடுக்கினார்கள். தேர்தல் தள்ளிப்போகவில்லை. குறித்த நாளில் முடிந்தது. உலகத்திலேயே பெரிய ஏற்பாடு என்று பெருமை வேறு.

எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. மொடக்குறிச்சியில் ஒரு சம்சாரியின் கோபம் தேர்தலையே ஒரு மாதம் நிறுத்தியது. நிஜாமாபாத்தில் மிஷின் அந்தக் கோபத்தை முழுசாக விழுங்கிவிட்டு 'பீப்' என்றது. அப்போதைய முதலமைச்சரின் மகள் அங்கே தோற்றுப்போனார், இல்லை என்று சொல்லவில்லை. வாரியமும் வந்தது. எப்போது? 2025 ஜனவரியில்! ஓட்டை ஒரே நாளில் எண்ண மிஷின் இருக்கிறது. கேட்டதைக் கொடுக்க ஆறு வருஷம். அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் 2008இல் போய்விட்டார். இருந்திருந்தால் இதற்கும் ஒரு பட்டன் வைத்திருப்பாரோ என்னவோ.

தாய்மார்களே, இப்போது உங்களுக்கு. ஓட்டுப் போடப் போகிறீர்கள். விரலில் மை வைக்கிறார்கள். 1962இலிருந்து மைசூரில் செய்கிற அதே மை. எந்த விரலாக இருந்தாலும் ஒட்டும். மண்வெட்டி பிடித்த விரல், மஞ்சள் வேகவைத்த விரல், சாயப்பட்டறையில் வெந்த விரல், எல்லாவற்றிலும் ஒட்டும். நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்க அந்த விரல் போதும்.

அதே விரலை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போங்கள். "ஆத்தா, ரேகை விழுகலீங்க. துடைச்சுட்டு வையுங்க." துடைக்கிறாள். "இன்னும் விழுகல. அந்தக் கை." அந்தக் கையை வைக்கிறாள். "சர்வர் இல்லீங்க ஆத்தா, நாளைக்கு வாங்க." எழுபது வருஷம் காட்டில் உழைத்த கையில் ரேகை எங்கே இருக்கும்? அது வரப்பில் இருக்கிறது, அம்மிக்கல்லில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கும்பிட்டு வாங்குகிற விரல், மாதாமாதம் அரிசி கேட்டால் அடையாளம் தெரியாத விரலா? (நீண்ட கைதட்டல்)

கடைக்காரத் தம்பியைத் திட்டாதீர்கள். அவனும் சம்பளக்காரன், மிஷின் என்ன சொல்கிறதோ அதைத்தான் அவன் சொல்கிறான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ரேகை விழவில்லை என்பதற்காக யாருக்கும் பொருள் மறுக்கக்கூடாது, நோட்டில் எழுதிக்கொண்டு கொடு என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. கருவிழி பார்க்கிற மிஷினும் கடைகளுக்கு வந்திருக்கிறது. வழி இருக்கிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு. கேட்கிறவள் வயசானவள், ஒரு நடை அலைந்ததும் கால் வலிக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறாள்.

மிஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. மொபைலில் பணம் அனுப்பித்தான் நானும் இன்றைக்கு ஆட்டோவில் வந்தேன். ஓட்டு மிஷின் செய்தவர், கெட்டவன் உள்ளே புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். ரேகை மிஷின் வைத்தவர், கிழவி உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. என் வழக்கு இவ்வளவுதான்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். வட்ட வழங்கல் அலுவலருக்கு ஒரு மனு. ரேகை விழாதவர்களுக்கு நோட்டில் எழுதிப் பொருள் கொடுங்கள், அந்த விவரத்தைக் கடை வாசலிலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள் என்று ரெண்டே ரெண்டு கோரிக்கை. சாப்பாடு தயாராக இருக்கிறதாம். பந்திக்கு உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் தெருவில் அரிசி இல்லாமல் திரும்பிய ஆத்தாக்களின் பெயரையும் கார்டு நம்பரையும் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறோம். வரமுடிந்தவர்கள் கூட வாருங்கள்.