கட்டிய காசு திரும்புமா?



2024 ஏப்ரலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து 500 மின்சாரக் கார்கள் இந்தோனேசியாவுக்குக் கப்பலேறின. சிட்ரோயன் நிறுவனத்தின் இ-சி3 கார்கள் அவை. செய்தது நம் திருவள்ளூரில். 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் கார்களைச் செய்துவந்த அதே ஆலை, கைமாறி இன்று மின்சாரக் காருக்கு வந்து நிற்கிறது. அங்கிருந்து வடகிழக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட், இரும்பு ஆலைகள், தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் தொழிற்சாலை. பக்கத்து எண்ணூரில் அசோக் லேலண்ட். வண்டி என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் இந்த ஊர்க்காரரும் மற்ற ஊர்க்காரரைப் போலத்தான் கைபிசைந்து நிற்கிறார். மின்சார வண்டியின் கம்ப்யூட்டர் கெட்டுப்போகும்போது.

பெட்ரோல் வண்டியில் கோளாறு வந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும், புகை காட்டிக்கொடுக்கும். தெருமுனை மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டே பாதியைச் சொல்லிவிடுவார். மின்சார வண்டியில் அப்படியில்லை. திரை கறுத்துப்போகும், அல்லது சார்ஜ் ஏறாது. சர்வீஸ் சென்டரில் கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்பார்கள். போர்டில் எந்தப் பாகம் போனது, ஏன் போனது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. முழு யூனிட்டும் மாறும், முழு யூனிட்டுக்கும் பில் வரும். பேட்டரிக்கு 7 ஆண்டு, 8 ஆண்டு வாரண்டி தருகிறார்கள். மற்ற மின்னணுப் பாகங்களுக்கோ பெரும்பாலும் 3 ஆண்டோடு கதை முடிகிறது. நாலாவது ஆண்டில் போர்டு போனால் செலவு உரிமையாளர் தலையில்.

சரி, கட்டிவிட்டார். ஓராண்டு கழித்து அதே கம்பெனி, "இந்த மாடலில் தயாரிப்புக் குறை இருக்கிறது, இனி இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று அறிவிக்கிறது. அப்போது முன்னரே காசு கட்டியவர் கதி என்ன? பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவசம், இவருக்கு மட்டும் தண்டமா?

இந்தக் கேள்வியை உலக அளவில் பெரிதாக எழுப்பியது அமெரிக்காவின் டெஸ்லா கார்தான். 2012 முதல் 2018-இன் தொடக்கம் வரை வந்த மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுவில் 17 அங்குலத் தொடுதிரை இருக்கிறது. பாட்டு, வரைபடம், ஏ.சி., பின்பக்கக் கேமரா எல்லாம் அதற்குள் அடக்கம். அதை இயக்கும் பலகையில் விரல் நகம் அளவுக்கு ஒரு நினைவகச் சில்லு. கொள்ளளவு 8 ஜி.பி. கார் ஓடும்போதெல்லாம் கம்ப்யூட்டர் தன் நாட்குறிப்பை அதில் எழுதுகிறது, அழிக்கிறது, மறுபடி எழுதுகிறது. ஓயாமல் எழுதி அழிக்கும் சிலேட்டைப் போல அந்தச் சில்லும் தேயும். ஒவ்வொரு பகுதியும் சுமார் 3,000 முறை எழுதி அழிக்கத் தாங்கும். நாளொன்றுக்கு 1.4 முறை என்று கணக்குப் போட்டால் ஐந்தாறு ஆண்டில் ஆயுள் முடிந்துவிடும். பேட்டரி நன்றாக இருக்கும், மோட்டார் நன்றாக இருக்கும், அந்தச் சில்லு மட்டும் செத்திருக்கும்.

திரை கறுத்தால் பாட்டு போவது பெரிய விஷயமில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பார்க்கும் கேமராவும் போகிறது. பனிக்காலத்தில் முன்கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை நீக்கும் வசதியை இயக்க முடியாமல் போகிறது. இண்டிகேட்டர் ஒலிகூட நின்றுவிடுகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2020 ஜூனில் விசாரணையைத் தொடங்கியதற்கு இதுவே காரணம்.

அந்த விசாரணையில் டெஸ்லா கொடுத்த கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரையை இயக்கும் யூனிட்டை மாற்றியதில் வாரண்டிக்குள் வந்தவை 7,777. வாரண்டிக்கு வெளியே வந்தவை 4,746. இரண்டாவது எண்தான் இந்த உரையின் மையம். வாரண்டி முடிந்துவிட்டது என்று கவுண்டரில் கேட்டுக்கொண்டு, பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களின் வரிசை அது. இது தன் காரில் மட்டும் வந்த கெட்ட நேரம் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே சில்லுதான் போகிறது என்று தனியாளாக யாருக்கும் தெரிய வழியில்லை. தெரிந்த இடம் ஒன்றே ஒன்று. கம்பெனியின் பழுதுப் பதிவேடு.

2020 நவம்பரில் டெஸ்லா அந்தச் சில்லுக்கு மட்டும் வாரண்டியை 8 ஆண்டு, ஒரு லட்சம் மைல் என்று நீட்டியது. முன்பே காசு கட்டியவர்கள் திரும்பக் கேட்கலாம் என்றும் சொன்னது. அரசு நிர்வாகத்துக்கு அது போதவில்லை. 2021 ஜனவரி 13 அன்று, சுமார் 1,58,000 கார்களை ரீகால் செய்யுங்கள், அதாவது திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்யுங்கள் என்று கடிதம் எழுதியது. பிப்ரவரித் தொடக்கத்தில் டெஸ்லா இணங்கி 1,34,951 கார்களை அழைத்தது. தேயும் பாகம் வண்டியின் ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற தன் வாதத்தை அப்போதும் அது விடவில்லை. ஆனாலும் 8 ஜி.பி. போய் 64 ஜி.பி. சில்லு வந்தது.

முன்பு கட்டிய காசு திரும்பியது கம்பெனியின் பெருந்தன்மையால் மட்டுமல்ல. 2000-ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் டயர்கள் வெடித்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்து பலர் மாண்ட பிறகு, அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ரீகால் அறிவிக்கும் கம்பெனி, அறிவிப்புக்கு முன் அதே குறையைச் சொந்தச் செலவில் சரிசெய்துகொண்டவருக்குக் காசைத் திருப்பித் தரும் திட்டத்தையும் சேர்த்தே தர வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செய்த பழுதுக்கு, என்னென்ன ஆதாரம் வேண்டும் என்பதெல்லாம் விதியில் எழுதியிருக்கிறது. வண்டியின் அடையாள எண், பழுதுக்கான ரசீது, அது இதே குறைதான் என்பதற்கான பதிவு. இவைதான் முக்கியம்.

நம் நாட்டுக்கு வருவோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110-ஏ பிரிவு, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழாண்டுக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்பைக் கெடுக்கும் குறை இருந்தால், போதிய புகார்கள் சேர்ந்த நிலையில் ரீகால் செய்யுமாறு மத்திய அரசு உத்தரவிடலாம். 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. வண்டியின் முழு விலையைத் திருப்பித் தருவது, வேறு வண்டி தருவது, பழுது நீக்கித் தருவது ஆகியவற்றை அந்தப் பிரிவு பேசுகிறது. ஆனால் முன்னரே தன் கைக்காசில் பழுது பார்த்துக்கொண்டவரைப் பற்றி வெளிப்படையாக ஒரு வார்த்தையும் அதில் இல்லை. இது சின்ன ஓட்டை இல்லை. குறையை முதலில் அனுபவித்தவர், முதலில் செலவழித்தவர், கம்பெனியின் கண்ணுக்கு அந்தக் குறையை முதலில் காட்டியவர் அவரே. சட்டம் அவரைத்தான் விட்டுவிட்டது.

ரீகால்கள் இங்கே நடக்காமல் இல்லை. 2024-இல் ஹூண்டாய் நிறுவனம் அயோனிக் 5 மின்சாரக் கார்கள் 1,744-ஐ அழைத்தது. சார்ஜ் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணு யூனிட்டில் கோளாறு. அது பழுதானால் 12 வோல்ட் சின்ன பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருந்தும் கார் அசையாது. திருவள்ளூருக்குப் பக்கத்திலிருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கார்கள்தாம் அவை.

பழைய பில்லுக்குக் காசு திரும்பிய பெரிய நிகழ்வு ஒன்றும் இங்கே உண்டு. அது கார் இல்லை, ஸ்கூட்டர். மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம்-2 மானியம் பெற வண்டியின் ஆலை விலை ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. சில கம்பெனிகள் சார்ஜரை விலைக்குள் சேர்க்காமல் தனியாக பில் போட்டன. சார்ஜர் இல்லாமல் வண்டியை வைத்துக்கொண்டு வாங்கியவர் என்ன செய்வார்? கேட்ட காசைக் கொடுத்தார். மத்தியக் கனரகத் தொழில் அமைச்சகம் கிடுக்கிப்பிடி போட்டதும், 2023 மே மாதத்தில் ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோ விடா ஆகியவை வாங்கிய காசைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டன. ஓலாவின் பங்கு மட்டும் சுமார் 130 கோடி ரூபாய். நாலில் மூன்று கம்பெனிகளின் ஆலைகள் ஓசூர் உள்ளிட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன என்பது தமிழ்நாட்டு நேயர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. முடிந்துபோன விற்பனை, கட்டி முடித்த பில், அதற்குப் பிறகும் காசு திரும்பும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அரசு கேட்டது, கம்பெனி கொடுத்தது.

அரசு கேட்காதபோது? தனியாள் கேட்க வேண்டும். கேட்பவர் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது ஜாப் கார்டு போடுவார்கள். "வாடிக்கையாளர் சொன்ன குறை" என்று ஒரு கட்டம் இருக்கும். பல இடங்களில் அதில் "ஜெனரல் செக்கப்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் பிற்பாடு வழக்கு தோற்கிறது. "திரை கறுத்து நின்றது, ரிவர்ஸ் கேமரா வரவில்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்ல வேண்டும். தேதியும் ஓடிய கிலோமீட்டரும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் காட்டிய எரர் கோடு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும். பில்லில் வெறும் "எலெக்ட்ரிக்கல் ஒர்க்" என்று ஒற்றை வரி போட்டால் ஒப்புக்கொள்ளாமல், பாகத்தின் பெயர், பாக எண், கூலி என்று பிரித்துப் போடச் சொல்ல வேண்டும். நாளைக்கு ரீகால் வந்தால், அறிவிப்பில் இருக்கும் பாகமும் தன் பில்லில் இருக்கும் பாகமும் ஒன்றுதான் என்று காட்ட இந்த எண்தான் கைகொடுக்கும். கழற்றிய பழைய போர்டையும் கேட்கலாம். தர முடியாது என்றால் அதையும் எழுத்தில் வாங்குவது நல்லது. சுருங்கச் சொன்னால் அலுவலகக் கோப்பு போல ஒரு கோப்பு, வண்டிக்கும் வேண்டும்.

காசைக் கேட்கும்போது டீலரோடு நின்றுவிடக்கூடாது. டீலர் பெரும்பாலும் வேறு நிறுவனம். "கம்பெனி பாலிசி சார்" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. சேஸி எண், ஜாப் கார்டு, பில் நகலோடு தயாரித்த கம்பெனிக்கே பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதிக் கேட்க வேண்டும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அங்கே ஒரு புகாரைப் பதிவதால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் ஓலா கதையைப் பார்க்கலாம். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை அந்த உதவி எண்ணில் ஓலா ஸ்கூட்டர்கள் மீது 10,644 புகார்கள் குவிந்தன. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு மட்டும் வந்த கெட்ட நேரம் என்று சும்மா இருந்திருந்தால் அந்த நோட்டீஸுக்கு ஆதாரமே இருந்திருக்காது.

அதற்கும் மேலே, வழக்கு விசாரிக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் எங்கே வசிக்கிறாரோ அந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமையகம் மும்பையிலோ பெங்களூரிலோ இருந்தாலும் திருவள்ளூர்க்காரர் திருவள்ளூரிலேயே கேட்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. ஸ்கூட்டர்காரருக்கு இது பெரிய வசதி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 400 ரூபாய். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒன்றாகச் சேர்ந்தும் வழக்காடலாம். போர்டு விஷயத்தில் இதுதான் பலம். காலக்கெடு இரண்டே ஆண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் கம்பெனி தரப்பு வாதாடும் என்பதால், ரீகால் செய்தி காதில் விழுந்த கையோடு எழுதிக் கேட்பது நல்லது.

கும்மிடிப்பூண்டிக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. மாவட்டத் தலைநகருக்கு நேர் ரயில் இல்லை. சென்னை போய் வண்டி மாறி அரக்கோணம் பாதையில் வர வேண்டும், அல்லது பஸ் பிடிக்க வேண்டும். ஒரு ஷிப்டு சம்பளம் போய்விடும். அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இப்போது இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். காணொலி வழியாக விசாரணை கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

மின்சார ஆட்டோ ஓட்டுபவர்களுக்கும் சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இவர்கள் கேட்கப் போனால், "இது வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று கம்பெனி வக்கீல் சொல்லக்கூடும். பயந்துவிட வேண்டாம். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோர் என்றே சட்டம் ஏற்கிறது. ஓட்டுநர் உரிமமும், தன் பெயரில் இருக்கும் ஆர்.சி.யும், கடன் தவணை கட்டும் வங்கிப் புத்தகமும் அதைக் காட்ட உதவும்.