பிரிந்த குடும்பங்களும் ஜமாஅத்தின் பொறுப்பும்

(பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கணவன் மனைவி பிணக்கு என்றால் நமது மஹல்லாவில் முதலில் தட்டப்படுவது ஜமாஅத் அலுவலகக் கதவே. இரு தரப்புப் பெரியவர்களையும் அமர்த்திப் பேசுகிறோம். சில இல்லங்கள் மீண்டும் ஒன்றாகின்றன. ஒன்றாகாத இல்லங்களைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். பிரிவு உறுதியான பின்னர்தான் அப்பெண்ணுக்கு வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெருங்கவலையாகின்றன.

தீர்ப்பு வழங்கும் அதிகாரம் நமக்கில்லை. பள்ளிவாசல் வளாகங்களில் ஷரீஅத் கவுன்சில்கள் நீதிமன்றம் போல் இயங்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. தனியார் அமைப்பு அளித்த குலா சான்றிதழ் செல்லாது என்றும் 2023இல் அதே நீதிமன்றம் கூறியது. இதனால் மனம் வருந்துவோர் உண்டு. ஆயினும், துணை நிற்க நமக்குச் சட்டமே இடமளித்திருக்கிறது.

1984ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டம், சமூக நல அமைப்புகளை நீதிமன்றப் பணியில் இணைத்துக்கொள்ள வழி செய்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ இன்னும் தெளிவானது. பாதுகாப்பு அலுவலரை அரசு நியமிக்கும். ஓர் அலுவலர் எத்தனை ஊர்களுக்குத்தான் செல்வார்? ஆகவேதான் அரசிடம் பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் 'சேவை வழங்குநர்' என்ற தகுதியில் பெண்ணின் முறையீட்டை எழுதி நடுவருக்கு அனுப்பவும், மருத்துவப் பரிசோதனைக்கும் காப்பகத்திற்கும் ஏற்பாடு செய்யவும் அச்சட்டம் அனுமதிக்கிறது.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று நகையை அடகு வைக்க வேண்டியதில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. தொலைபேசி எண் 15100. ஊர் மக்களிலிருந்தே சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் அளிக்கிறது. நமது மஹல்லாவிலிருந்து இரு சகோதரிகளேனும் இதற்கு முன்வர வேண்டும். ஆண்களிடம் சொல்லக் கூசும் செய்திகள் பல உள்ளன.

விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கோரலாம் என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பிரிவு இன்று புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக உள்ளது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சார்பு செய்யப்பட்ட 60 நாட்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்பது விதி. கணவர் வளைகுடா நாட்டில் இருந்து, முகவரியும் தெரியாவிடில் அந்த அறிவிப்பே சென்று சேராது. அறுபது நாட்களின் கணக்கும் தொடங்காது.

இங்குதான் நமது நிகாஹ் தஃப்தர் பயன்படுகிறது. திருமணத்திற்கும் மஹருக்கும் அதுவே முதல் சான்று. இனி மணமகனின் வெளிநாட்டு முகவரியையும் பணியிடத்தையும் அதில் பதிய வேண்டும். தம்பதியரில் எவர் கேட்டாலும், மறு தரப்பார் எவ்வளவு செல்வாக்குள்ளவராயினும், பதிவின் நகலை அன்றைய தினமே வழங்க வேண்டும். இவ்விரண்டையும் தீர்மானமாக இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறோம்.